வக்கணை வைத்தியலிங்கத்தைப் பெற்றவன் நான்

பொய் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்தில் மாயவரத்தில் மாலைதோறும் மேடையேறி, துரைமார்களை நையாண்டி செய்து சொற்பொழிவாற்றிய 'வக்கணை' வைத்தியலிங்கம் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊரில் என் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி அவரை நான்தான் உண்டாக்கினேன்!

ஏன் என்று கேட்கிறீர்களா? கைதட்டல் ஆசைதான். முந்தைய வருடம் தமிழ்ச் சங்க விழாவில் என் மேனேஜரைக் கிண்டலடித்துப் பேசினேன். காபி மெஷின் ஓடவில்லை என்றதற்கு, மூன்று பேரிடம் அப்ரூவல் வாங்கி வரச் சொன்னாரே, அந்தக் கதை. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசை ஆசாமி சாப்பாட்டு வரிசைக்கே எழுந்து போய்விட்டார்.

மறுவருடம் மேனேஜரைக் கலெக்டர் துரையாக்கினேன், காபியை மழையாக்கினேன். மழையில்லை என்று அழுத குடியானவர்களிடம், மனுவை மூன்று பிரதியாகக் கொண்டுவரச் சொல்கிறார் துரை. இது வைத்தியலிங்கம் சொன்னது என்றேன். அரங்கமே அதிர்ந்தது!

அதோடு விட்டதா? சுந்தரம் அங்கிள் கண்ணீரோடு மேடைக்கே வந்துவிட்டார். மாயவரத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர். பேச ஆளில்லாமல் பார்க் பெஞ்சில் பொழுதைத் தள்ளுபவர்.

"எங்க கொள்ளுத்தாத்தா மேடையில பேசுவாராம் தம்பி! பேருகூட யாருக்கும் தெரியாம போச்சு. இவர்தானே அவர்?"

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் சொன்னது என்ன தெரியுமா? "அதே ஜாடை, அங்கிள்!"

எதைப் பார்த்து ஜாடை சொன்னேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அதன்பின் அவர் நிமிர்ந்து நடந்தார். அமாவாசைக்கு என் கற்பனையின் பெயரைச் சொல்லி, பின்கட்டு வேலியில் காக்கைக்குச் சோறு வைத்தார்! உண்மையைச் சொல்லிவிடத்தான் ஒவ்வொரு முறையும் போவேன்... அந்த முகத்தைப் பார்த்ததும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் அவருக்குப் பேரன் பிறந்தான். பெயர்சூட்டு விழாவில் குழந்தையை என்னிடம் நீட்டினார்.

"கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்க. காதுல மூணு தடவை பேரை நீங்கதான் சொல்லணும்."

"வைத்தியலிங்கம்! பர்த் சர்டிபிகேட்டுக்கே அப்ளை பண்ணிட்டோம்ணா," என்றான் அவர் மகன். "டேகேர்ல என்ன பாடு படப்போறானோ!"

இரண்டு முறை பெயரைச் சொன்னேன். மூன்றாவது முறை இன்னும் குனிந்து, "அப்படி ஒருத்தர் இல்லவே இல்லடா கண்ணா... மன்னிச்சுடு," என்றேன். குழந்தை உதட்டைச் சுழித்தது.

"பாத்தீங்களா! தாத்தா பேரைக் கேட்டதும் சிரிக்கறான்!" என்று சுந்தரம் அங்கிள் விம்மினார்.

வெட்கத்தில் செத்தேன். ஆமாம் அங்கிள் என்று தலையாட்டி, குழந்தையை அவர் மடியில் வைத்தேன்.