நல்ல நேரத்தில் நாலு மிஸ்டு கால்

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. ‘கார் ஓட்டுற திமிர்.’

கொடுத்தவர் குரோம்பேட்டையில் இருக்கிறார். என் மகள் பவித்ராவைப் பெண் கேட்டு வந்த வீட்டின் தலைவர். மாப்பிள்ளைக்கு அப்பா. என்னோடு மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்பார்... அதற்குள் என்னை இவ்வளவு சரியாக எப்படிப் புரிந்துகொண்டார் என்றுதான் தெரியவில்லை.

நடந்தது இதுதான். மறைமலை நகர் கம்பெனியில் ஐந்து மணிக்கு வேலை முடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து, இரும்புலியூர் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது ஆறு பத்து. டிக்கியைத் திறந்து போனை எடுத்தேன். ஆமாம், டிக்கியில்தான் வைத்திருந்தேன். ஏன் என்று சொல்கிறேன். பதினோரு மிஸ்டு கால். முதல் நாலு மாப்பிள்ளையின் அப்பா. மீதி ஏழும் என் நாத்தனார் வசந்தா. இந்த வரனைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

பதினோரு மிஸ்டு காலைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? யாரோ போய்விட்டார்கள் என்றுதானே? எனக்கும் அப்படித்தான். வசந்தாவைக் கூப்பிட்டேன். யாரும் போகவில்லை, அதைவிட மோசம் என்றாள்.

முந்தின ஞாயிறு அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். கலந்து பேசியாகிவிட்டது. சம்மதம். அதை வெள்ளிக்கிழமை மாலை நல்ல நேரத்தில் தன் வாயால் சொல்லவேண்டும் என்று அந்த மனிதர் தினக் காலண்டரைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். நல்ல நேரம் ஐந்தே முக்காலோடு முடிகிறது. எனக்கு ஆபீஸ் முடியட்டும் என்று நாகரிகமாக ஐந்து இருபதுக்குத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் ஐந்தரை. ஐந்து நாற்பது. கடைசியாக ஐந்து நாற்பத்து நாலு.

நல்ல வார்த்தை சொல்லக் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. நேரமும் தாண்டிவிட்டது. பெண்ணுக்கு அப்பா இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று வேறு கேட்டாராம். என் கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை போன் அடித்தால் ‘யாருன்னு பாரேன்’ என்று என்னைத்தான் கூப்பிடுவார். அதை அந்தக் குரோம்பேட்டைக்காரரிடம் யார் சொல்வது?

“அண்ணி, சகுனமே சரியில்லைன்னு சொல்றார். உடனே கூப்பிட்டு மன்னிப்பு கேளுங்க. சார்ஜ் போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. டிக்கி கிக்கின்னு உளறி வைக்காதீங்க” என்றாள் வசந்தா.

இனி, டிக்கி கதை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களிடம் முதலில் நான் ஒரு மன்னிப்பு கேட்டாகவேண்டும். இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில், காரில் போனோடு பேசிக்கொண்டே போகும் சுகத்தைப் பற்றி ஏகத்துக்கு அளந்தேன். பவித்ராதான் டேஷ்போர்டில் ஸ்டாண்ட் ஒட்டி, கூப்பிட்டால் பதில் சொல்லும் அந்தப் பெண்குரலை எனக்காக செட் பண்ணிக் கொடுத்தாள். போனைத் தொடவே வேண்டாம். வந்த மெசேஜை அந்தக் குரல்காரியே வாசிப்பாள். நான் சொன்னால் எழுதுவாள். எழுதியதைத் திருப்பி வாசித்து, அனுப்பவா மாற்றவா என்று கேட்பாள். இத்தனை வயதில் என் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து யார் கேட்டிருக்கிறார்கள்? மயங்கிவிட்டேன்.

இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். இரண்டு கண்ணும் ரோட்டில். என்னைவிட ஒழுக்கமான டிரைவர் உண்டா என்று நானே மெச்சிக்கொண்டேன். கூடுவாஞ்சேரியில் சப்ளையருக்கு ஒரு திட்டு, ஊரப்பாக்கத்தில் பால் பாக்கெட் வேண்டாம் என்று ஒரு தகவல், வண்டலூரில் அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து... வீடு வருவதற்குள் பாதி உலகத்தை நிர்வாகம் செய்துவிடுவேன்.

நாலு மாதம் முன்பு ஒரு மாலை. நான் வேலை பார்ப்பது பர்ச்சேஸ் பிரிவில். சரக்கு அனுப்பாமல் இழுத்தடிக்கும் ஒருவருக்கு மெசேஜ் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் திருப்பி வாசித்தாள். கடைசி வரி காரமாக இருக்கிறதோ? ‘வருந்துகிறோம்’ என்று போடலாமா? இல்லை, ‘இனிமேல் பொறுக்க முடியாது’ என்றே இருக்கட்டுமா? யோசித்தேன். அவள் காத்திருந்தாள்.

பானட்டில் டம் என்று ஓர் அடி.

பிரேக்கை மிதித்தேன். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப். காருக்கு முன்னால், ஒரு சாண் இடைவெளியில், ஒரு பெண். முப்பது வயது இருக்கும். தோளில் டிபன் பை. ஏதோ கம்பெனியில் ஷிப்ட் முடித்து வருகிறவள். அவள் கைதான் பானட்டில் இருந்தது. ஊர்ந்துகொண்டிருந்த வண்டிதான்... ஆனாலும் வண்டி வண்டிதானே?

என் ஜன்னல் பக்கம் வந்தாள். கண்ணாடியை இறக்கினேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

“இன்னாமா இது... உன் கண்ணு என் மேலதான் கீது. நானும் பாத்துகினுதானே கிராஸ் பண்றேன். ஆனா நீ என்னைப் பாக்கவே இல்லியே” என்றாள்.

கோபமே இல்லை அவள் குரலில். ஆச்சரியம்தான் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அவள் சொன்னது முழு உண்மை. நீலச் சேலை ஒன்று குறுக்கே வந்தது எனக்கு அப்புறம் ஞாபகம் வந்தது. கண் பார்த்திருக்கிறது. தகவல்தான் உள்ளே போய்ச் சேரவில்லை. உள்ளே நான் ‘வருந்துகிறோம்’ போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது மட்டுமா? வண்டலூர் மேம்பாலத்தை எப்போது தாண்டினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்... இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அன்று காரை ஓரம்கட்டிவிட்டு நான் அழுதுகொண்டிருக்க, டேஷ்போர்டில் அந்தக் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது: அனுப்பவா, மாற்றவா?

பக்கத்து சீட்டில் ஆள் இருந்தாலும் பேசிக்கொண்டுதானே போகிறோம் என்பீர்கள். பக்கத்து சீட்டு ஆள் எதிரே லாரி வந்தால் வாயை மூடிக்கொள்வார். ‘பாத்து, பாத்து’ என்று அலறவும் செய்வார். இவளுக்கு லாரி தெரியாது. பதில் வரும்வரை காத்திருப்பாள். நமக்கோ, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரையும் காக்கவைத்துப் பழக்கமில்லை. மெஷினாக இருந்தால் என்ன, மரியாதை மரியாதைதான்!

மறுநாளிலிருந்து போன் டிக்கிக்குப் போனது. ஏன், சைலண்டில் போட்டு ஹேண்ட்பேக்கில் வைக்கக்கூடாதா என்று கேட்காத ஆளில்லை. வைக்கலாம். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். பேக்கில் இருந்தால் பக்கத்து சீட்டுக்கு வரும். பக்கத்து சீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு மெசேஜ்தானே என்று தோன்றும்.

மேனேஜருக்கும் சொல்லிவிட்டேன். வண்டியில் ஏறி இறங்கும்வரை நான் ஊரிலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் காரிலிருந்தே மீட்டிங்கில் சேருகிறார்களே, கையால் தொடவே வேண்டாமே மேடம் என்றார். கை சும்மாதான் இருக்கிறது சார், தலைதான் சும்மா இல்லை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இந்த வருட அப்ரைசலில் அது தெரியும். தெரியட்டும். சட்டத்தில் இது தப்பில்லை என்று எனக்கு மெயில் அனுப்ப உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்... சட்டத்தைப் பற்றி நான் பேசவேயில்லை. அந்த நீலச் சேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

இப்படியெல்லாம் வீரமாக எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை ஹாலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்த வீரத்தைக் காணோம்.

மூன்று வருடமாக வரன் பார்க்கிறேன். இரண்டு இடம் கைகூடி வந்து நழுவிப்போயின. இந்தப் பையனைத்தான் பவித்ராவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால், இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து அவள் பாத்ரூமில் பாடுகிறாள். அதை நான் கெடுத்துவிட்டேனா?

எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் பவித்ரா. வசந்தா அத்தை அவளிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.

சரி, சார்ஜ் போய்விட்டது என்றே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆமாம், முடிவு செய்தேன். ஒரு சின்னப் பொய். யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நம்பரை அழுத்தினேன்.

எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன். இண்டிகேட்டரின் டிக் டிக். அதற்கும் பின்னால், எனக்கு நன்றாகப் பழகிய அதே பெண்குரல், இருநூறு மீட்டரில் இடதுபக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்கம்மா. வண்டிலதான் இருக்கேன். ப்ளூடூத்தான், பேசலாம்” என்றார். குரலில் கடுகு வெடித்தது.

சார்ஜ் என்கிற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெளியே வந்தது வேறு.

“சார், வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க. இல்லன்னா வீட்டுக்குப் போய் நிதானமா கூப்பிடுங்க. நீங்க ஓட்டும்போது நான் பேச மாட்டேன். வைக்கிறேன்.”

வைத்தும்விட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம்!

பவித்ரா என்னைக் கட்டிக்கொண்டு சபாஷ் என்றெல்லாம் சொல்லவில்லை. “உன் கொள்கைக்கு நான்தான் கிடைச்சேனாம்மா?” என்று கேட்டுவிட்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோஃபாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். டிக் டிக் சத்தம் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. நேரடியாக விஷயத்துக்கு வந்தார். சாயங்காலம் ஏன் எடுக்கவில்லை?

சார்ஜ் இருந்தது சார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கி. பானட்டில் விழுந்த அடி. அந்தப் பெண் சொன்ன வார்த்தை. இனிமேலும் ஓட்டும்போது எடுக்கப்போவதில்லை, கல்யாணத்தன்று கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

நல்ல நேரம் போய்விட்டதேம்மா என்றார்.

“என் பொண்ணுக்கு நல்ல நேரம் வேணும்தான் சார். அதுக்காக ரோட்டுல இன்னொருத்தர் வீட்டுப் பொண்ணை நான் இடிக்க முடியாது.”

அவர் சொன்னார்: “சரிம்மா... பார்க்கலாம்.”

பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும், கல்யாணப் பேச்சில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று. இனிமேல் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். அன்று பவித்ரா சாப்பிடவில்லை. நானும் ஒரு தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தது தப்பு என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. ஆனால் சரியாகச் செய்தவளுக்குத் தோசை ஏன் இறங்கவில்லை?

சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“சம்பந்தி, நான் பையனோட அம்மா பேசறேன்” என்றது குரல்.

சம்பந்தி. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது எனக்கு, மறைப்பானேன்?

முந்தின நாள் ஒரு ரிசப்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். அந்தக் காரில் இந்த அம்மாவும் இருந்தாராம், பையனும் பின் சீட்டில் இருந்தானாம். நான் போனை வைத்ததும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்து, அந்தக் கோபத்திலேயே ஓரம்கட்டிவிட்டார்.

“ஓட்டும்போது பேசாதீங்கன்னு நானும் எத்தனையோ வருஷமா சொல்றேன், சம்பந்தி. காதுலயே போட்டுக்க மாட்டார். நேத்துதான் முதல் தடவையா நிறுத்தினார். ‘கார் ஓட்டுற திமிர் பாரு அந்தம்மாவுக்கு’ன்னு அரை மணி நேரம் ரோட்டோரமா உக்காந்து திட்டினார். நிறுத்தி வச்ச வண்டியில உக்காந்து திட்டினார்ல... எனக்கு அது போதும்.”

பையன் வீடு திரும்பியதும், இந்த வீட்டில்தான் பெண் எடுப்பது என்று மட்டும் சொன்னானாம். அவர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார், நிச்சயதார்த்தத்துக்குள் சரியாகிவிடுவார் என்று சிரித்தார் அந்த அம்மா. எங்களுக்குப் பூரண சம்மதம் என்று வாய் நிறையச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் பவித்ரா. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், முகத்தை மட்டும் இன்னும் தூக்கி வைத்துக்கொண்டு.

பேசி முடித்துவிட்டுத்தான் மணி பார்த்தேன். ஒன்பதே முக்கால். சனிக்கிழமை. அசல் ராகு காலம்.

இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேசிய எங்கள் இரண்டு பேரில் யாரும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கவில்லை.