ஸ்கூட்டிப் பாட்டுக்கு நடுவே ஒரு மணி

குருநகரில் வலைகள் வைக்கும் கொட்டில்தான் இன்று கச்சேரி மண்டபம். தானே எழுதிய பாட்டுகளைக் கிற்றாருடன் பாடும் ஓர் இளம்பெண், சொந்த ஊரில் முதன்முறையாக மேடையேறியிருக்கிறாள். அக்காவின் பழுதான ஸ்கூட்டியைப் பற்றிய பாட்டு பாதியில் நிற்க, சனம் முழுக்க எழுந்து நிற்கிறது. ரசனையுள்ள ஊர் என்று நானும் எழுந்து பலமாகக் கைதட்டுகிறேன். தட்டுவது நான் மட்டும்தான்.

"தம்பி, தட்டாதேங்கோ. கோயிலிலை பின்னேரச் செபத்துக்குத் திருந்தாதி மணி அடிக்குது, எல்லாரும் எழும்பிச் செபம் சொல்லுறம்," என்கிறார் பக்கத்து நாற்காலி அக்கா.

மேடையில் பாடகியும் கண்மூடிச் சிலுவை போடுகிறாள். செபம் முடிந்ததும் விட்ட வரியிலிருந்து பாடி முடிக்கிறாள். யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் என்னையே திரும்பிப் பார்க்கிறார்கள்.

"அண்ணை," என்கிறாள் மைக்கில், "இப்ப தட்டுங்கோ."