அத்திம்பேர் அமைதியான பிறகு

என் அக்கா வடுமாங்காய் ஜாடியை வேண்டுமென்றே கீழே போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பம்பாய் மாட்டுங்காவில் அவர்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது. கூடத்தில் ஜன்னலை ஒட்டி அவள் கணவர், என் அத்திம்பேர், கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மேடையிலிருந்து ஜாடியை எடுத்தாள், அவர் முதுகைப் பார்த்தாள், கையை விட்டாள். பீங்கான் சிதறி, உப்புத் தண்ணீர் அவர் வேட்டி வரைக்கும் ஓடியது. அந்த முதுகு அசையவே இல்லை. தியான நேரம் முடிந்த பிறகு அவர் எழுந்து வந்து, "கால்ல குத்தித்தா?" என்று அவளைக் கேட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். அக்கா மேடைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

இந்த மனிதரா அது என்று அன்றைக்கும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஒரு காலத்தில் அவருடைய கோபம் அந்தக் கட்டடத்துக்கே பொதுச் சொத்து. டிகாஷன் தண்ணீராக இருந்தால் மூன்றாம் மாடிக்குத் தெரிந்துவிடும். லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒண்டி உட்காரப் போய்ச் சண்டை, வாட்ச்மேனோடு சண்டை, கிரிக்கெட் பார்க்கும்போது பெற்ற பிள்ளையோடு சண்டை. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பாள். கத்தி ஓய்ந்ததும் இருவரும் ஒரே தட்டில் பஜ்ஜி தின்பார்கள். நானும் என் மனைவியும் புறநகரான டோம்பிவிலியில் வெகு மரியாதையாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள். அந்தக் கூச்சலைக் கேட்டு நான் பல தடவை பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மழைக்கால மாலையொன்றில், கூட்டமான வண்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவன் பிடி நழுவி விழுந்தான். ஆஸ்பத்திரியில் அடையாளம் சொல்ல அத்திம்பேர்தான் உள்ளே போனார். அக்காவை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டார். அதன்பின் அவர் தூங்கவில்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கும். சாயங்காலமானால் காணாமல் போவார். தேடிக்கொண்டு போனால், பிளாட்பாரத்தின் கடைசியில், வண்டி வேகமாக நுழையும் இடத்தில், விளிம்பை ஒட்டி நின்றுகொண்டிருப்பார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. அப்போதுதான் எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாள், மலைப்பக்கம் நடக்கும் ஒரு தியான முகாமைப் பற்றிச் சொன்னாள். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, மூச்சையும் உடம்பையும் கவனித்துக்கொண்டு பத்து நாள் உட்கார வேண்டும். பெட்டி கட்டி, கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டு வந்தவள் அக்காதான்.

முகாமிலிருந்து திரும்பிய அத்திம்பேர் அன்று ராத்திரியே தூங்கினார். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்கார ஆரம்பித்தார். குரல் இறங்கியது. வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள், "கித்னே ஷாந்த் ஹோ கயே!", எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்று மாய்ந்து போனாள். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டருக்கும் சந்தோஷம். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "மூளைக்குள்ள பயத்துக்குன்னு ஒரு இடம் இருக்கும்மா. தினம் இப்படி உக்காந்தா அது கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். இவருக்கு நன்னா அடங்கியிருக்கு" என்றார். அக்கா கேட்டாள்: "அதே இடத்துலதான் பாசமும் இருக்கா டாக்டர்?" அவள் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். கூட இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பிள்ளையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் அத்திம்பேர் பொறுமையாகக் கேட்பார். கடைசியில், "வரும், போகும். பார்த்துண்டே இரு" என்பார். அவளும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தாள். டிபன் டப்பா எங்கேம்மா என்று கேட்டுக்கொண்டு பிள்ளை வாசலில் நிற்பது போலிருந்ததாம். எழுந்து சமையலறைக்குள் ஓடிவிட்டாள். எனக்கு அத்திம்பேர் மேல் எரிச்சல் மண்டியது. ஞானம் வருவதானால் வீட்டுக்கே வரட்டும், ஒருவருக்கு மட்டும் வந்து இன்னொருவரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் என்ன? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பாவம் என்பார்கள்.

பிள்ளையின் வருஷ காரியத்துக்கு நான் முதல் நாளே போய்த் தங்கினேன். பிள்ளை அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை அப்பா பிள்ளைக்குச் செய்தார். மந்திரம் சொன்ன வாத்தியாருக்கே குரல் தழுதழுத்தது, எள்ளும் தண்ணீரும் விட்ட அந்தக் கை நடுங்கவில்லை. ஜாடி உடைந்தது அதற்கு மறுநாள் காலை. அவர் பெருக்கி முடித்துக் குளிக்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை அவர் அழட்டும்டா. என் எதிர்ல. அப்புறம் ஜன்மம் பூரா உக்காந்துக்கட்டும். நேக்கு இந்தாத்துல பேய் மாதிரி தனியா அழுது அழுது புத்தி பேதலிச்சுடும் போலிருக்கு. நீ பேசிப் பாரு. இல்லேன்னா நான் உன்னோட டோம்பிவிலிக்கே வந்துடறேன். இனிமே இங்க இருக்க முடியாது."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்துக் கட்டில்மேல் அடுக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் அத்திம்பேரோடு நடக்கப் போனேன். தோட்டத்தைச் சுற்றிக் கிழவர்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள், குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போட்டு உடைத்தேன். "அத்திம்பேரே, அவன் உங்களுக்கும் பிள்ளைதானே? ஒரு சொட்டுக் கண்ணீர்கூடவா வரலை?" சொன்ன பிறகு எனக்கே வாய் கசந்தது. அவர் கோபப்படவில்லை. ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு பார்த்தேன், முழங்கால் இரண்டும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன.

"நான் சாந்தமா இருக்கேன்னு நீயும் நினைச்சுண்டியா?" என்றார். "அன்னிக்கு ஆஸ்பத்திரில துணியை எடுத்துக் காட்டினான். நான் பார்த்ததை உங்கக்கா பார்க்கலை. அது கண்ணுக்குள்ளயே நிக்கறது. காலம்பற உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும், சாயங்காலம் உக்காந்தா தூங்கற வரைக்கும். அவ்வளவுதான். ஒரு நாள் ஜுரம் வந்து உக்காரலை. அன்னிக்கு எழுந்து போனேன், பிளாட்பாரத்துக்குத்தான். எப்படித் திரும்பி வந்தேன்னு தெரியாது. அவகிட்டச் சொல்லலை. அழ ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதுடா நேக்கு. ஜாடி விழுந்தது காதுல விழாமலா இருக்கும்? திரும்பிப் பார்த்திருந்தேன்னா நானும் போயிருப்பேன். நான் அழலைன்னு அவ அழறா. நான் அழுதா அவளுக்கு நானும் இருக்க மாட்டேன்."

இத்தனை நாள் இவரை மனசுக்குள் கல்லென்றும் கட்டையென்றும் திட்டியிருக்கிறேன். ஆடும் அந்த முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அக்காவிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். மறைப்பதா சொல்வதா என்று யோசிக்கிற தெம்பு எனக்கு இல்லை. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டாள். ஜுரம் வந்த நாளைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "என்னிக்கு?" என்றாள். பிறகு எழுந்து போய்க் கட்டிலில் இருந்த புடவைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதுதான் அவள் எனக்குத் தந்த பதில்.

அதற்கப்புறம் அவர் உட்காரும் நேரத்துக்கு அவள் காவல்காரியாகிவிட்டாள். அந்த ஒரு மணி நேரம் குக்கர் ஏறாது. போனின் வாயை அடைத்துவிடுவாள். பால்காரன் மணி அடிக்கக்கூடாது, கதவை லேசாகத் தட்ட வேண்டும். அவருக்கு லேசாக உடம்பு சுட்டாலும் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். அவர் எதிரில் கண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து அவரும் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவரைத் தியானம் காப்பாற்றுகிறது என்கிறார்கள். அந்தத் தியானத்தை யார் காப்பாற்றுகிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மாளுக்கும் டாக்டருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று அத்திம்பேரிடம் சொல்லிவிட்டுப் பெண்கள் பெட்டியில் ஏறிவிடுகிறாள். பிள்ளை விழுந்த அதே தடம்தான். டோம்பிவிலி வரும்வரைக்கும் அழுதுகொண்டே வருகிறாள். அந்தப் பெட்டியில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நகர்ந்து இடம் விடுகிறார்கள். ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, பிளாட்பாரத்திலேயே என்னோடு ஒரு டீ குடிப்பாள், வீட்டுக்குக்கூட வரமாட்டாள். போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"இன்னும் எத்தனை நாளைக்குக்கா இப்படி?"

"என் பங்கு எப்பவோ தீர்ந்திருக்கும்டா" என்றாள். "அவர் பங்கையும் நான்தானே அழறேன். அதான் முடிய மாட்டேங்கறது."

வண்டி வந்தது. அவர் சாயங்காலம் உட்காருவதற்குள் போக வேண்டும் என்று டம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி நகர்வதற்குள்ளாகவே முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.