எள்ளுக்குக் காவல் போனது

எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்துதான் எள் ஆட்டுவோம். ஒரு வீட்டுக் கொல்லையில் விளைகிற எள் செக்கு உரலில் பாதிக்குக்கூடக் காணாது. அதனால் வீட்டுக்கு மூன்று படி வீதம் பன்னிரண்டு படியை ஒரே சாக்கில் கொட்டி, ஒரே நாளில் ஆட்டி, வந்த எண்ணெயைப் பங்கு பிரித்துக்கொள்வது வழக்கம். கேட்க ஒற்றுமையாகத்தான் இருக்கும். சாக்கில் கொட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சங்கதி தெரியும். ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த வீட்டு எள்ளைக் கையில் அள்ளி ஊதுவார்கள். தூசி பறந்தால் ஒரு பார்வை. பறக்காவிட்டால், அளவு கூட்ட நனைத்துக் கொண்டுவந்திருப்பார்களோ என்று இன்னொரு பார்வை.

நாலு வீடும் ஒருமனதாகச் சந்தேகப்பட்ட ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் செக்காரர்.

அவருக்கு ஒரு மரச்செக்கு, ஒரு மாடு, அதிகம் பேசாத ஒரு மனைவி. ஆட்டுக்கூலியாக அவர் காசு வாங்குவதில்லை. எண்ணெய் எங்களுக்கு, பிண்ணாக்கு அவருக்கு. அந்தப் பிண்ணாக்கில்தான் அவர் மாடும் பிழைத்தது, வீடும் பிழைத்தது. சந்தேகம் முளைத்ததும் அங்கேதான். பிண்ணாக்கில் எவ்வளவு எண்ணெயை விட்டுவைக்கிறாரோ அவ்வளவும் அவருக்குத்தானே?

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சீனியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். கருப்பட்டியைக்கூட நகைபோலப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். எள் ஆட்டும்போது கருப்பட்டி போட வேண்டும் என்பதால் வீட்டுக்கு ஒரு வட்டு வீதம் நாலு வட்டு, மனமில்லாமல் வெளியே வந்தது.

காவலுக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பள்ளி இறுதிப் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் சாப்பிட்டு வந்தேன். காவலுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? கிழக்கு வீட்டு அத்தைதான் உத்தரவு போட்டாள். நாலு வீட்டுக்கும் அவள் வாய்தான் வாய்.

"மருமகனே, கண்ண எடுக்காம பாக்கணும். துணிய வச்சு எண்ணெய ஒத்தி எடுப்பான். அந்தத் துணிய ஒன் முன்னாலயே பிழியச் சொல்லு. பிழியாம மூலையில போட்டான்னா அரைக்கால் படி அங்கயே போச்சு."

"சரி அத்தை."

"கருப்பட்டிய அவன் கையில குடுத்துராத. நீயே போடு. குடுத்தியோ, சாயங்காலம் அவன் வீட்டுல காப்பி மணக்கும்."

"சரி அத்தை."

"போன வருசமும் கொறைஞ்சுச்சு. இந்தத் தடவையும் கொறைஞ்சா நம்ம தெருவே அரிமளத்துச் செக்குக்குப் போயிரும். அவன் மாட்ட வித்துட்டு எங்கிட்டாச்சும் போகட்டும்."

அத்தை சொன்னால் செய்வாள். எங்கள் தெரு போனால் அடுத்த தெருவும் போகும். அப்புறம் செக்காரருக்கு உரல்தான் மிஞ்சும்.

காலையில் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நிக்க வேணாம் தம்பி. செக்குல ஏறி ஒக்காருங்க. பாரத்துக்கு வைக்கிற கல்லு ஒடைஞ்சு போச்சு."

ஒரு கல்லின் உத்தியோகத்துக்கு நான் பொருத்தம் என்று அன்றுதான் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தேன். மாடு சுற்றியது, நானும் சுற்றினேன். மாட்டுக்குக் கண்ணைக் கட்டியிருந்தது. எனக்குக் கட்டவில்லை; அதனால் எனக்குத்தான் தலை சுற்றியது. தூசிக்குப் பயந்து துண்டால் வாயை மூடிக்கொண்டு, கருப்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு, செக்காரரின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

அவர் எதைச் செய்தாலும் எனக்குத் திருட்டாகத் தெரிந்தது. உரலுக்குள் குனிந்து குச்சியால் எள்ளைத் தள்ளினார்: எதையோ மறைக்கிறார். வெந்நீர் தெளித்தார்: எண்ணெயில் தண்ணீர் கலக்கிறார். இருமினார்: மனைவிக்குச் சைகை.

"தம்பி, கருப்பட்டி போடுங்க" என்றார். ஒரு வட்டுக்கு மேல் உடைத்துப் போட்டேன்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பரீட்சைக் கூடத்தில் ஒருநாளும் வேலை செய்யாத மூளை அது. கருப்பட்டி உரலுக்குள் போகிறது. போனது எங்கே தங்கும்? எண்ணெயில் இனிப்பு இருக்காது. ஆகவே பிண்ணாக்கில்தான் தங்கும். பிண்ணாக்கு யாருக்கு? செக்காரருக்கு. நாலு வீட்டுக் கருப்பட்டியையும் இந்த மனுஷர் மாட்டுக்குத் தின்னக் கொடுக்கப்போகிறார். இப்படி ஒரு வழி வைத்திருக்கிறாரே என்று அவர் சாமர்த்தியத்தை எண்ணி வியந்தேன்.

திருட்டைத் தடுக்கத்தானே என்னை அனுப்பினார்கள்? தடுத்தேன். உரலுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு அடியில் இருந்த வாய்க்கு ஒரு துண்டு. கொஞ்ச நேரத்தில் உரலுக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு என்று ஆயிற்று.

"எல்லாம் போட்டாச்சா தம்பி?"

"ம்" என்றேன். வாயைத் திறக்க முடியாத நிலை.

செக்காரர் உரலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"எண்ணெய் பிரிய மாட்டேங்குது. எள்ளு காயலையோ? யார் வீட்டு எள்ளாச்சும் நனைஞ்சிருந்துச்சா?"

இதுவும் ஒரு நடிப்பு என்று குறித்துக்கொண்டேன்.

உச்சிவெயிலில் அத்தை அளக்கும் படியோடு வந்தாள். மூன்று படிக்கு மேல் வரவேண்டிய எண்ணெய் இரண்டு படிகூட இல்லை. அத்தை படியைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு பிண்ணாக்குத் துண்டை எடுத்து அழுத்தினாள். விரலிடுக்கில் எண்ணெய் வழிந்து முழங்கைக்கு ஓடியது.

"செக்காரரே, இது என்னங்க?" என்றாள். நேரில் பேசும்போது அவள் மரியாதை குறைக்கமாட்டாள், அதுதான் பயம். "பிண்ணாக்கா, எண்ணெய்ச் சட்டியா? நாங்க எண்ணெய்க்கு ஆட்ட வந்தமா, ஒங்க மாட்டுக்குப் பலகாரம் செய்ய வந்தமா?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. என்னமோ இன்னைக்குப் பிரியலை."

"அரிமளத்துல பிரியுமாம். அங்கிட்டுப் போய்க்கிறோம்."

செக்காரர் கையில் இருந்த குச்சியைக் கீழே வைத்தார். மனைவி குடிசை வாசலில் வந்து நின்றாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாலு வட்டும் போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன்.

"முழுசா போட்டாத்தான் எண்ணெய் பிண்ணாக்க விட்டு வெளிய வரும். இல்லாட்டி ஒட்டிக்கிட்டு அங்கயே கெடக்கும். அதுக்காகக் கேட்டேன்."

கருப்பட்டி எதற்கு என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான். அடிவயிற்றில் ஒன்றரை வட்டு கனத்தது. அப்போது நான் பேசாமல் இருந்தால் செக்காரர் திருடனாகப் போவார். பேசினால் நான் தின்னியாகப் போவேன். திருடன் பட்டத்தைவிடத் தின்னிப் பட்டம் லேசானது. இருந்தும் யோசித்தேன் என்பதை மறைக்கக் கூடாது.

எனக்காக மாடு பேசியது. அவிழ்த்துவிட்ட மாடு தண்ணீர்த் தொட்டிக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தது. என் கையை நக்கியது. அப்புறம் துண்டை. அப்புறம் மடியில் மூக்கை நுழைத்து, வேட்டியை முட்டி முட்டி நக்கியது. நான் விலக விலகப் பின்னாலேயே வந்தது.

அத்தை மாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மருமகனே, வாயத் தொற."

"அத்தை..."

"தொறடா."

திறந்தேன். பல்லெல்லாம் கருப்பட்டி.

"ஒன்றரை வட்டுத்தான் அத்தை" என்றேன். "பிண்ணாக்கோட அவருக்குப் போயிருமேன்னு..."

செக்காரர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒரு வட்டும் அரை வட்டும் கொண்டுவந்தாள். அது அவர்கள் வீட்டுக் காப்பிக்கு இருந்த மொத்தக் கருப்பட்டி. பிண்ணாக்கை மறுபடி உரலில் போட்டு, உடைத்துத் தூவி, வெந்நீர் தெளித்து மாட்டைப் பூட்டினார். நான் கேட்காமலே ஏறி உட்கார்ந்தேன், கல் ஆயிற்றே.

"மாட்டுக்குக் கண்ணக் கட்டுறோம்" என்றார் செக்காரர், என்னைப் பார்க்காமல். "தம்பிக்குத் தாம்படிக்கிற மாடு நெல்லத் தின்னுறாம போடுற வாய்க்கூடு போடணும்."

கொஞ்ச நேரத்தில் பிண்ணாக்கு உரலோரம் இறுகி ஒட்டியது. நடுவில் எண்ணெய் தெளிந்து மேலேறியது. முதலில் எடுத்ததோடு சேர்த்து அத்தை அளந்தாள். மூன்று படிக்கு மேலேயே இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்கிற பிறவி இல்லை.

"இவன் தின்னான், சரி" என்றாள். "பக்கத்துல இருந்துகிட்டு இவன் வாய நீங்களும் பாத்திருக்கணும்ல?" ஆனால் போகும்போது, அடுத்த எள்ளும் இங்கேதான் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். காவலுக்கு அவளே வருவாளாம். யாருக்குக் காவல் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் அறந்தாங்கிச் சந்தைக்கு நடந்துபோய், அலைந்து திரிந்து, இரண்டு வட்டு கருப்பட்டி வாங்கிவந்து செக்காரர் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். விளிம்பில் பல் பட்டிருக்கிறதா என்று விரலால் தடவினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்றார். "ஒங்க மடியில வந்ததாச்சே."