கோசே மாமாவின் மரச்செருப்பு

யிக்கே அத்தையைப் பற்றி எழுதுவதென்றால் துடைப்பத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சுத்தக்காரிகள்தான். அத்தை அவர்களையே பயமுறுத்துகிறவள். பசுவின் வால் சாணியில் படக் கூடாதென்று அதைக் கயிற்றில் தூக்கிக் கட்டிவிடுவாள். அடுப்புக்கரியைக்கூடக் கழுவித்தான் எரிப்பாள் என்று ஊரில் நான் ஒரு கதை கட்டிவிட்டேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

இன்னொன்று, அவளுக்குப் பொய் சொல்ல வராது. பிரசங்கம் எப்படி இருந்தது என்று பாதிரியார் ஆசையாகக் கேட்டபோது, "நீளம்" என்றாள். காலி வாளியைக் காட்டி மாட்டைக் கூப்பிடமாட்டாள், அதுவும் ஏமாற்றுதானாம்.

எங்கள் பள்ளிக்கூடத்தை ஜெர்மன் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டதும் என் படிப்பு நின்றது. வீட்டில் சும்மா இருந்து நான் செய்த சேட்டைகளைத் தாங்க முடியாமல் அம்மா என்னை அத்தையிடம் அனுப்பிவிட்டாள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அத்தை வீட்டில் அவளும் நானும் மட்டும்தான். கோசே மாமா ஆறு வருஷத்துக்கு முன்பு நாணல் ஏற்றி வரப் போய், ஏரிப் பனிக்கட்டி உடைந்து மூழ்கிப் போய்விட்டார். அன்றைக்குப் பனியில் சறுக்கும் கத்திகளைக் காலில் கட்டிக்கொண்டு போனதால் அவருடைய மரச்செருப்பு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. சனிக்கிழமைதோறும் அத்தை தன் செருப்பைத் தேய்க்கும்போது அதையும் தேய்த்து வைப்பாள். அதைப் பற்றி மட்டும் நான் கிண்டல் செய்ததில்லை.

நாற்பத்து நாலாம் வருஷம், ஏப்ரல் மாதம். ஏரிக்கு அப்பால் நேச நாட்டுக் குண்டுவீச்சு விமானம் ஒன்று எரிந்து விழுந்தது. மறுநாள் விடியலில் பால் கறக்கப் போன அத்தை நாணல் புதரில் ஒரு நெட்டையனைக் கண்டுபிடித்தாள். முகமெல்லாம் கரி, ஒரு காலில் மட்டும் பூட்ஸ். மற்றது பாராசூட்டில் இறங்கும்போது கழன்று விழுந்துவிட்டதாம். அவனை இழுத்துக்கொண்டு வந்தவள், வாசற்படியில் நிறுத்தி அந்த ஒற்றை பூட்ஸைக் காட்டினாள்.

"கழட்டு. உள்ள சேறு வரக்கூடாது."

அவனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அத்தையின் விரல் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்.

அவன் பெயர் லெஸ். ஆஸ்திரேலியாவில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பமாம். விமானக்காரனை ஒளித்து வைத்தால் வீட்டைக் கொளுத்துவோம், வைத்தவரைச் சுடுவோம் என்று ஊர்ச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அத்தை அதை நின்று நிதானமாகப் படித்தாள். வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் குப்பைமேட்டின் அடியில் புதைத்துவிட்டு, மாமாவின் மரச்செருப்பை எடுத்து லெஸ்ஸிடம் கொடுத்தாள்.

அவனைத் தெற்கே கடத்திவிடும் ஏற்பாடு, ஊரில் இங்கிலீஷ் தெரிந்த சாலிங் வாத்தியாருடையது. போலி அடையாள அட்டையும் ஒரு சைக்கிளும் தயாராக இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். அதுவரை சும்மா இருக்க முடியாமல் லெஸ்ஸுக்குக் கை அரித்தது. மாடு கறந்தான், தொழுவம் கழுவினான். எங்கள் வழக்கத்தையும் கற்றுக்கொண்டான்: செருப்பு வாசலுக்கு வெளியே, அதன் முன்மூக்கு தெருவைப் பார்த்து நிற்க வேண்டும், வீட்டுக்குள் காலுறையோடுதான். கோணலாக விட்டால் அத்தை வந்து நேராக்குவாள். சேறு இருந்தால் கழுவியும் வைப்பாள்.

வரிசையாக நிற்கும் செருப்பைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? முதல் நாள் அவன் செருப்பில் உருளைக்கிழங்குத் தோல். மூன்றாம் நாள் ஈரப் பாசி. அவன் பதிலுக்கு என் செருப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்தான். நான் வாசலில் குப்புற விழுந்தேன். நல்ல பையன்தான் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, மதியம். சனிக்கிழமை அவன் கிளம்ப வேண்டும். லெஸ் சாப்பிட உட்கார்ந்ததும் நான் நைசாக வெளியே போய், அவன் செருப்பு இரண்டிலும் வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, இடது செருப்பில் ஒரு தவளையையும் குடிவைத்துவிட்டு வந்தேன். மோர்க்கஞ்சியில் இரண்டு கரண்டி உள்ளே போயிருக்கும். அணைக்கரைச் சாலையில் லாரிச் சத்தம் கேட்டது.

அத்தை கத்தவில்லை. சுவரோடு பதித்த அலமாரிக் கட்டிலின் பின்பலகையை நகர்த்தி, அதன் பின்னால் வைக்கோல் அடைத்த பொந்துக்குள் லெஸ்ஸைத் தள்ளினாள். அவன் கஞ்சியை என் தட்டில் கவிழ்த்தாள். அவன் தட்டைக் கழுவினாள். அந்த நேரத்திலும் துடைத்துத்தான் அடுக்கினாள்.

ஒரு ஜெர்மன் சார்ஜெண்டும் உள்ளூர்ப் போலீஸ்காரன் மைன்டெர்ட்டும் வந்தார்கள். மைன்டெர்ட் எங்கள் சபைக்காரன்தான். போர் வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டான். அரைமணி நேரம் தேடினார்கள். தொழுவத்து வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள். கட்டில் மெத்தையைப் புரட்டினார்கள். "யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று அத்தையிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஒன்றும் கிடைக்காமல் வெளியே போனார்கள். நாங்களும் பின்னாலேயே போய் எங்கள் செருப்பை மாட்டிக்கொண்டோம். மைன்டெர்ட் சட்டென்று நின்றான்.

"யிக்கேக்கா, வீட்ல இருக்கறது ரெண்டு பேரு. ரெண்டு பேரும் போட்டாச்சு, வாசல்ல இன்னொரு ஜோடி நிக்குது."

அடுக்களையில் ஒரு கரண்டியைக்கூட மிச்சம் வைக்காதவள், வாசலில் மூன்று ஜோடியையும் கழுவி, நூல் பிடித்தாற்போல் அடுக்கி வைத்திருந்தாளே!

"யாரோடது இது?"

"கோசேவோடது."

"மாமா போயி ஆறு வருஷம் ஆகுதே?"

"ஆமா. நீதான் சவப்பெட்டி தூக்குன. பாதி வழியில தோள் வலிக்குதுன்னு மாத்திக்கிட்ட."

சார்ஜெண்ட் என்ன பேச்சு என்று கேட்டான். மைன்டெர்ட் காது சிவக்க ஏதோ சொன்னான்.

"செத்தவரு செருப்பு ஏங்கா வாசல்ல நிக்குது?"

"என் புருஷன் செருப்பு என் வாசல்ல நிக்கறதுக்கு உன்கிட்ட சீட்டு வாங்கணுமா? ஆறு வருஷமா சனிக்கிழம தவறாம நான்தான் தேய்க்கறேன். உங்கம்மாவைக் கேளு, சொல்லுவா."

அத்தனையும் உண்மை. ஆனால் மைன்டெர்ட்டும் மரச்செருப்பு போட்டு வளர்ந்தவன். செருப்பு என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சம் முன்னே கால் இருந்திருந்தால், குளிருக்காக உள்ளே அடைத்த வைக்கோல் கதகதப்பாக இருக்கும். அவன் குனிந்தான். இடது செருப்புக்குள் கையை ஆழமாக விட்டான்.

"ஐயோ!"

தவளை அவன் கையில் ஏறி, மார்பில் குதித்து, அங்கிருந்து சார்ஜெண்டின் பளபளக்கும் பூட்ஸ்மேல் உட்கார்ந்தது. மைன்டெர்ட் மல்லாந்து விழுந்தான். சட்டைக்கையெல்லாம் வாய்க்கால் தண்ணீர். சார்ஜெண்ட் ஒரு நிமிஷம் தவளையைப் பார்த்தான். பிறகு லாரி வரை கேட்கும்படி சிரித்தான்.

வலது செருப்பைக் கவிழ்த்தான் மைன்டெர்ட். அதிலும் பச்சைத் தண்ணீர், ஜில்லென்று.

"தூ! குளமே கட்டி வச்சிருக்கு. இதுல எவன் கால விட்டிருப்பான்?"

லாரி போன பிறகும் அத்தை அசையவில்லை. "ரின்ஸ்கே" என்றாள், மெதுவாக.

"அத்தை."

"தவளை?"

"நான்தான்."

"தண்ணி?"

"அதுவும்."

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"வைக்கோல் அழுகிப்போகும்டி. மாத்தி வை" என்றாள். பிறகு, "நான் பொய் ஏதும் சொல்லலயே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல அத்தை."

"அப்பச் சரி."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். மரச்செருப்போடு! டக் டக்கென்று அடுக்களைக்குள் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா, இரண்டும் கலந்ததா, தெரியவில்லை. வைக்கோல் ஒட்டிய தலையோடு வெளியே வந்த லெஸ், தரையில் இருந்த சேற்றுத் தடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று சைகை காட்டினேன். அவள் பார்ப்பதற்குள் அவன் வாளி பிடிக்க நான் தரையைத் துடைத்துவிட்டேன். நானாகத் தரை துடைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை வாத்தியார் வந்தார். மாமாவின் மரச்செருப்போடு லெஸ் சைக்கிள் ஏறினான். கிளம்பும் முன் அத்தை அவன் காலரை நேராக்கினாள். பிறகு பதினாறு மாதம் ஒரு தகவலும் இல்லை. சனிக்கிழமைகளில் அத்தை இரண்டு ஜோடியைத் தேய்த்து முடித்தும் தூரிகையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

போர் முடிந்த வருஷம், ஆகஸ்டில், ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு புகைப்படம். தகரக் கூரை வீடு, பின்னால் கரும்பு, வாசற்படியில் மாமாவின் மரச்செருப்பு. சாலிங் வாத்தியார் படித்துச் சொன்னார்: "இங்கே தேரைகள் அதிகம். தினமும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் காலை விடுகிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்."

அத்தை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"முட்டாப்பய, மூக்க வீட்டுப் பக்கம் திருப்பி வச்சிருக்கான் பாரு" என்றாள்.

பிறகு படத்தைத் துடைத்து, அலமாரியில் நேராக நிறுத்தினாள்.