ரேவதிக்கு மாத்தாள்

ஜவ்வாது மலைக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் யாராவது என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். "நாளைக்கு இன்னா வேல?" என்று மட்டும் கேட்பார்கள். நானும் மெனக்கெட்டு, சங்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டும், மதியம் ஆன்லைனில் ஒரு கூட்டம், சாயந்தரம் துணி துவைக்க வேண்டும் என்று வரிசையாக ஒப்பிப்பேன். அவர்கள் "செரி, செரி" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். பினாங்கில் நாம் தெரிந்தவர்களைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்கிறோமே, அதுபோல இதுவும் ஒரு விசாரிப்பு என்று நினைத்துவிட்டேன். "இங்க எல்லாருக்கும் என் வேலைமேல ரொம்ப அக்கறைம்மா" என்று அம்மாவிடம் தொலைபேசியில் பெருமை வேறு அடித்தேன். வந்தவர்கள் களை எடுக்க ஆள் தேடி வந்தார்கள் என்பது விளங்கவே வெகுகாலம் ஆயிற்று. அதை விளங்க வைத்தவள் ரேவதி.

நான் மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்துக்காரி. ஃபெரியில் ஏறினால் எதிரே ஜார்ஜ் டவுன். அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம், வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சிப் பணி செய்ய உதவித்தொகை கிடைத்தது. தோழிகள் கொரியா, ஜப்பான் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் 'தமிழ் தெரிந்திருந்தால் நல்லது' என்று போட்டிருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ்தானே, நமக்குத் தெரியாததா என்ற தெனாவட்டு. சாமை, புளி, தேன் வாங்கி விற்கும் சிறிய விவசாயிகள் சங்கம் அது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பிப் பட்டமும் வாங்கிய பிறகு, சம்பளத்துக்கு வருகிறாயா என்று சங்கத்தார் கேட்டார்கள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். ரேவதியின் வீட்டுப் பக்கவாட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவள் அம்மா பச்சையம்மாவை முதல் நாள் நம் ஊர் வழக்கப்படி 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டேன். நான் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் எனக்கும் அம்மாதான்.

ரேவதி திருப்பத்தூரில் விடுதியில் தங்கி வேதியியல் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் மலையேறி வருவாள். சனிக்கிழமை விடிந்ததும் யாருடைய கொல்லையிலாவது குனிந்து நிற்பாள். கொல்லை என்றால் இங்கே வீட்டுப் பின்பக்கம் இல்லை, மானாவாரி நிலம். இந்தப் பக்கம் சாமைக் கொல்லையில் களை எடுக்கவும் அறுக்கவும் கூலிக்கு ஆள் வைப்பது அபூர்வம். இன்று உன் வீட்டிலிருந்து ஒருவர் என் கொல்லைக்கு வந்தால், இன்னொரு நாள் என் வீட்டிலிருந்து ஒருவர் உன் கொல்லைக்குப் போக வேண்டும். அதற்கு மாத்தாள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நாம் செய்த கோத்தோங் ரோயோங், அந்தக் கூட்டுத் துப்புரவு, நினைவிருக்கிறதா? எல்லோரும் துடைப்பத்தோடு வருவோம், பாதிப் பேர் கதை பேசுவோம், கடைசியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், ஒரு குழுப்படம், அவ்வளவுதான். யார் பெருக்கினார்கள், யார் ஏய்த்தார்கள் என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இங்கே படம் கிடையாது, பொட்டலம் கிடையாது. ஆனால் யார் யாருக்கு வரவேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி. ரேவதியின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அம்மாவுக்கு முட்டிவலி. அப்பா கோவிந்தன் மாடும் ஏருமாக அலைபவர். அந்த வீட்டின் மாத்தாள் ரேவதி ஒருத்திதான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பயிற்சிப் பணி, தலைமைப் பண்பு முகாம் என்று எது வந்தாலும் தேடிப்பிடித்துச் சொல்வது சங்கத்தில் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் போட்டேன். நானும் நாற்காலிகளும்தான் இருந்தோம். பிள்ளைகள் எல்லாம் கொல்லையில் இருந்தார்கள். பிறகு மழை நாளாகப் பார்த்துப் போட ஆரம்பித்ததும் இடம் பற்றவில்லை. அப்படி ஒரு மழை நாளில்தான் பினாங்கு ஆய்வுக்கூடத்தின் அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். சிறுதானிய உணவு பற்றி மூன்று மாதப் பயிற்சி, விமானச் செலவு அவர்களுடையது, கூடவே தலைமைப் பயிற்சி. கல்லூரியில் அனுமதி வாங்கி ரேவதி விண்ணப்பித்தாள். நேர்காணலைச் சங்கத்துக் கிடங்கில், புளி மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்து நடத்தினோம். நீங்கள் தலைமை தாங்கிய ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பக்கமிருந்த அம்மையார். கல்லூரி முகாமில் மரம் நட்டதை நான் அழகாக எழுதிக் கொடுத்து மனப்பாடமும் செய்ய வைத்திருந்தேன். ரேவதி அதைச் சுத்தமாக மறந்துவிட்டாள். தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் மாத்தாள் கதையை ஆரம்பித்தாள். எந்தக் கொல்லை முதலில் பழுக்கும், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, அவர்களுக்கு இந்த முறை எப்படி விட்டுக் கொடுப்பது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரை எப்படித் தள்ளித் தள்ளி நிறுத்துவது என்று அடுக்கினாள். என் தலை சுற்றியது. உங்களிடம் எத்தனை ஊழியர்கள் என்று கேட்டார் அம்மையார். யாரும் இல்லை என்றாள். சம்பளம் யார் கொடுப்பது? யாரும் இல்லை. பிறகு ஏன் வருகிறார்கள்? இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல ரேவதி திரையை உற்றுப் பார்த்தாள். "நான் போறேன் மேடம், அதனால வராங்க" என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த வாரமே தேர்வாகிவிட்டாள் என்று தகவல் வந்தது.

நான் துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினால், கோவிந்தன் "அனுப்ப முடியாதுங்க" என்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம். பெண் படிப்பு, பெண் சுதந்திரம், என் அம்மா வீட்டிலேயே தங்கலாம், ஃபெரியில் போய்வரலாம், பாதுகாப்புக்கு நான் பொறுப்பு என்று நின்ற நிலையில் ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மிச்சத்தையும் கேட்டார்.

"நீங்க சொல்றது அல்லாம் கரெக்ட்டுங்க. பொண்ணு பத்திரமா போய்ட்டு வந்துடும், அது எனக்குத் தெரியாதா? அறுப்புக்கு யாரு போறது?"

"கூலிக்கு ஆள் வெச்சா என்ன?"

"கூலியா? அப்புறம் பக்கத்து ஊட்டுக் கண்ணம்மா மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?"

என் பிரசங்கம் முழுக்க வீண். ஆவணிக் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஊரில் பாதி வீடுகள் ஏற்கெனவே இவர்கள் கொல்லைக்கு வந்து போய்விட்டன. ஆளுக்கு ஆள்தான் திரும்பப் போக வேண்டும், காசு செல்லாது. ஐப்பசி அறுப்புக்கு இந்த வீட்டிலிருந்து ஆள் போகாவிட்டால் இவர்கள் கொல்லைக்கும் யாரும் வர மாட்டார்கள். பழுத்த சாமை காத்திருக்காது, தரையில் கொட்டிவிடும். அந்தச் சாமைதான் அவர்களுக்கு வருடம் முழுக்கச் சோறு. ரேவதி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. வருகிறேனா இல்லையா என்று அந்த வார முடிவுக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும்.

"நான் போறேன், ரேவதிக்குப் பதிலா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் முந்திக்கொண்டது. பச்சையம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். கோவிந்தன் மரியாதைக்காக மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். "அக்கா, நீ அருவாளத் தொட்டுனா பாத்துக்கீறியா?" என்றாள் ரேவதி. ஆனாலும் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்துவிட்டேன். மாத்தாளாக யார் வருவது என்பதை அனுப்பும் வீடு மட்டும் முடிவு செய்ய முடியாது, ஏற்றுக்கொள்ளும் வீடும் சம்மதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கண்ணம்மா ஒத்துக்கொண்டால் ஊரே ஒத்துக்கொள்ளும். விஷயத்தைக் கேட்ட கண்ணம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு எங்க கொல்லிக்கு வரட்டும், பாக்கலாம்" என்றார். என் வாழ்க்கையில் உதவித்தொகைக்காக எத்தனையோ நேர்காணல்களுக்குப் போயிருக்கிறேன். இவ்வளவு பயத்தோடு எதற்கும் போனதில்லை.

காலையில் வரிசையில் நிறுத்தினார்கள். மற்ற பெண்கள் பேசிச் சிரித்தபடி போய்க்கொண்டே இருந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மும்முரமாகப் பிடுங்கினேன். என் பின்னால் பூமி சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக இருந்தது. கண்ணம்மா வந்து நான் குவித்து வைத்ததைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னா பண்ணி வெச்சிக்கீற? இது அல்லாம் சாமம்மா! புல்லு அங்க நிக்குது பாரு!"

வரிசை முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இளம்பயிரில் சாமையும் புல்லும் அக்கா தங்கைபோல இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்று மாலைவரை நின்று, தண்டைத் தடவி, எது எது என்று பார்த்துப் பார்த்து மிச்சத்தை முடித்தேன். கடைசியில் கண்ணம்மா தீர்ப்புச் சொன்னார். "அர ஆளு." அதாவது நான் இரண்டு நாள் போனால் ரேவதியின் ஒரு நாளுக்குச் சமம். கணக்கு உதைத்தது. அறுப்புக் காலத்தில் அத்தனை நாட்கள் ஏது? எல்லாம் போயிற்று என்று நான் நின்றபோது, தங்கள் கொல்லையிலிருந்து வந்து நின்ற ரேவதி மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"அத்த, அக்காகிட்ட ஸ்கூட்டர் கீதுல்ல? சாம மூட்டைய ஒடுகத்தூர் சந்தைக்கு ஏத்தினு போகும், பாட்டிங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போகும். அதுக்கு இன்னா போடுவ?"

கண்ணம்மா யோசித்தார். ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார். "வண்டியோட சேத்து ஒரு ஆளு" என்றார். பட்டமளிப்பு விழாவில் அங்கியும் தொப்பியும் மாட்டியபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. கோவிந்தன் அன்றைக்கே ரேவதியிடம் பெட்டி வாங்க வேண்டுமே என்றார். என்னோடு பேசும்போது அவர் விடாமல் போட்டுவந்த 'ங்க' அன்றோடு காணாமல் போயிற்று. "சாலினி, மாட்ட அவுத்துக் கட்டு" என்று அவர் சொன்னதும் ஓடிப்போய்க் கட்டினேன். கொம்பில் ஒரு இடி வாங்கினேன், பரவாயில்லை.

புரட்டாசியில் ரேவதி விமானம் ஏறினாள். பட்டர்வொர்த்தில் என் அறையில், என் கட்டிலில் படுக்கிறாள். காலையில் அப்பாவின் வேனில் பிள்ளைகளோடு ஃபெரித் துறைக்குப் போகிறாள். பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே தாரிக் டீயை எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் முதல் நாள் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டாளாம். ஆய்வுக்கூடத்தில் சாமை மாவில் பிஸ்கட் செய்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு "இது சாமையே இல்ல" என்று பேராசிரியரிடமே சொல்லியிருக்கிறாள். அதைவிடப் பெரிய கூத்து எங்கள் அடுக்குமாடியில் நடந்தது. கீழ்வீட்டுச் சீன அம்மையார் ஆ மே அதே கட்டடத்தில் வேறு வீட்டுக்கு மாறியபோது ரேவதி போய் நாள் முழுக்கச் சாமான் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். தீபாவளி நெருங்கியதும் நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் வீட்டில் முறுக்குச் சுடுகிறோம், நீங்கள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். "என்னடி இது, அவங்க என்ன நினைப்பாங்க?" என்று அம்மா பதறினாளாம். "நான் போனேன்ல, அவங்க வரணும்" என்றிருக்கிறாள் ரேவதி. ஆ மே வந்தார். சும்மா வரவில்லை, தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருடம் வாசலில் தலையாட்டிக்கொண்டதோடு சரி, இப்போது அவரும் அம்மாவும் பசார் மாலாம் இரவுச் சந்தைக்குச் சேர்ந்து போகிறார்கள்.

நேற்று எங்கள் கொல்லை அறுப்பு. எங்கள் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். வரவேண்டிய எல்லோரும் வந்தார்கள், ஒரு வீடும் விடுபடவில்லை. தலைமைப் பண்பு பற்றி நான் படம் போட்டுக் காட்டி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். நேற்றுக் காலை அத்தனை பேர் அருவாளோடு கொல்லைக்குள் இறங்கியதைப் பார்த்தபோதுதான் ரேவதி அந்த அம்மையாருக்குச் சொன்ன பதில் எனக்கு முழுசாகப் புரிந்தது. கட்டை விரலில் வெட்டுக்காயம், முதுகு நிமிரவில்லை, ஆனாலும் இந்த மலையில் இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்த்ததில்லை. உச்சிப் பொழுதில் பாறை மேல் சோற்றுக்கு உட்காரும்போது பினாங்கிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் எங்கள் வீட்டுச் சமையலறை. என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கெல்லாம் மாவோடு ரேவதி. "அக்கா, நம்ம கொல்லி எவ்வளவு ஆச்சு?" என்றாள். கைபேசியைத் தூக்கிப் பிடித்து, கட்டிப்போட்ட கட்டுகளையெல்லாம் காட்டினேன். "உன் அலமாரியில பாதி என் துணிதான், பரவாயில்லையா?" என்றாள். நான் என் தலையில் கட்டியிருந்த அவள் தாவணியைக் காட்டினேன். அந்தப் பக்கம் என் அம்மா, எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் என்ன பேச்சு, வந்து சாப்பிடு என்று சத்தம் போட்டாள். இந்தப் பக்கம் பச்சையம்மா, சோறு ஆறுது, வெயில்ல நின்னுக்கினு இன்னா பேச்சு, வந்து துன்னு என்று சத்தம் போட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, "தோ வர்றேம்மா" என்றோம். நான் அவள் அம்மாவுக்கு, அவள் என் அம்மாவுக்கு.