கொடியில் காய்ந்த காக்கிச் சட்டை

ஏழெட்டு வருஷத்துக்கு முன் நடந்தது. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுவது என் வேலை. மூத்த மகள் அவசரப்பட்டு எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். மூன்றரை ராத்தல்தான். நாலு தாண்டினால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனைவி காய்ச்சலோடு வேறு வார்டில் கிடந்தாள்.

தகவல் வந்ததும் கிடங்கிலிருந்து அப்படியே ஓடினேன். குழந்தைகள் அறைக்குள் தலையை நீட்டியதுதான் தாமதம், சிஸ்டர் தும்மினார். ஆயா தும்மினாள். கடைசியில் நானும் தும்மினேன். உடம்பெல்லாம் மிளகுத் தூசி!

"எடோ மிளகுச் சாக்கே! பிள்ளைகளைக் கொல்லவா வந்தே? போய்க் குளிச்சிட்டு வாடோ!" என்று சிஸ்டர் சீறினார்.

குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றேன். கொடியில் காய்ந்த ஒரு காக்கிச் சட்டையை உருவி என்மேல் எறிந்தார். ஆஸ்பத்திரி அட்டெண்டர்கள் போடும் சட்டை. தகப்பன்மாருக்குச் சாயங்காலம் அரை மணி நேரம், அதுவும் ஜன்னலுக்கு வெளியே என்று சொல்லி விரட்டிவிட்டார்.

மறுநாள் அந்தச் சட்டையோடு போய் நின்றேன். "எடோ, வெந்நீர் கொண்டா!" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நேற்றுப் பார்த்த முகம் மறந்துபோய், சட்டையை வைத்து அட்டெண்டர் என்றே நினைத்துவிட்டார் போலிருக்கிறது! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

அப்புறம் தினமும் கிடங்குக்கு அரை நாள் மட்டம். தரை துடைத்தேன். வாளி சுமந்தேன். என் மகள் பஞ்சில் பொதிந்து கிடந்தாள், ஒரு கைக்குள் அடங்கிவிடுவாள். அவளைச் சுற்றி வைக்கும் ரப்பர் பைகளில் வெந்நீர் நிரப்புவதும் நான்தான். சூடு அதிகமோ என்று பயந்து ஒவ்வொரு பையையும் என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சிஸ்டரிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. மத்தியானம் மனைவியிடம் ஓடுவேன். "கண்ணு முழிச்சாளாங்க? பால் எறங்குச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. மகளைத் தராசில் கிடத்தி, "எடோ, முள்ளு எங்கே நிக்குது?" என்றார் சிஸ்டர். முள் நாலைத் தாண்டி நின்றது! எங்கள் கிடங்கில் முதல் எடைக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்றுதான் கூவுவோம். என்னை அறியாமல், மூட்டை போடும் குரலில், "லாபம்!" என்று கத்திவிட்டேன்.

அறையில் இருந்த அத்தனை குழந்தைகளும் வீறிட்டன. ஆயா கிண்ணத்தைக் கீழே போட்டாள். தொலைந்தோம் என்று கைகூப்பி, "சிஸ்டர், நான் அட்டெண்டர் இல்ல. இவ அப்பன்" என்று அழுதுவிட்டேன்.

"அது எனக்கு முதல் நாளே அறியும். எந்த அட்டெண்டர் வெந்நீர்ப் பையைக் கன்னத்தில வெச்சுப் பார்க்கும்? தகப்பன்னு சொன்னா வெளியே நிறுத்தணும், அதான் சட்டம்" என்று சொல்லி மகளை என் கையில் கொடுத்தார். "பிடிங்க சேட்டா. மெதுவா! மிளகுச் சாக்கில்ல."

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சட்டையைக் கழற்றி நீட்டினேன். சிஸ்டர் வாங்கவில்லை. "துவைச்சு அந்தக் கொடியிலேயே போட்டுட்டுப் போங்க. நேத்து ஒரு பிள்ளை வந்திருக்கு. அதோட அப்பன் வெளியே நிக்கிறான்."

நான் அந்த அம்மாளை ஏமாற்றியதாக நினைத்து மூன்று வாரம் மார்தட்டிக்கொண்டதை எண்ணினால், இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் நிறைந்துவிடுகிறது.